நாலு கயிறும் ஓர் ஆணியும்

"டீச்சர், இந்த நாலும் ஒரே ஆணியிலயா ஆரம்பிக்குது?"

அந்தக் கேள்வி வந்தபோது டீச்சர் ஸ்டூல் மேல் நின்றுகொண்டிருந்தாள். ஒரு கையில் நைலான் கயிற்றின் நுனி, இன்னொரு கையில் அட்டையில் வெட்டிய ரயில் இன்ஜின், வாயில் இரண்டு துணி கிளிப். கீழே நாற்பத்தொரு பிள்ளைகள், "இன்னும் மேல டீச்சர்", "போதும் டீச்சர்", "இன்ஜின் தலைகீழா இருக்கு டீச்சர்" என்று ஆளுக்கொரு பக்கம் மேஸ்திரி வேலை பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்த இரைச்சலைத் தாண்டி இந்தக் குரல் மேலே வந்து சேர்ந்ததே பெரிய விஷயம். டீச்சர் குனிந்து பார்த்தாள். சுவரின் இடது ஓரத்தில், ஜன்னல் உயரத்தில் அடித்திருந்த ஆணியில் மொத்தமாக முடிச்சுப் போட்டிருந்த நாலு கயிறுகளையும் ஒற்றை விரலால் தொட்டுப் பார்த்துக்கொண்டு நின்றிருந்தாள் அந்தப் பெண்.

"ஆமாம்மா, ஒரே ஆணிதான். கையை எடு, குத்திடப்போகுது," என்றாள் டீச்சர், கிளிப்பைக் கடித்தபடியே.

"ம்ம்," என்றாள் அவள். கையை எடுத்துக்கொண்டு தன் இடத்துக்குப் போய்விட்டாள்.

வகுப்பில் அவளுக்கு அதுதான் பெயர்: ம்ம். எதைக் கேட்டாலும் அதே பதில். சாப்பிட்டியா? ம்ம். புரிஞ்சுதா? ம்ம். ஏன் நேத்து வரலே? ம்ம். பிள்ளைகள் அதைக் கேலியாகக்கூடச் சொல்லவில்லை. "ம்ம் கிட்ட பென்சில் வாங்கிக்கோ", "ம்ம், தள்ளி உக்காரு" என்று வெகு சாதாரணமாகப் புழங்கிக்கொண்டிருந்தார்கள். பள்ளி திறந்து நாலு மாதத்தில் அவள் வாயிலிருந்து வந்த முதல் முழு வாக்கியம் அந்த ஆணிக் கேள்விதான். அதைக் கவனித்திருக்க வேண்டும் என்று டீச்சருக்குப் பிற்பாடு எத்தனையோ முறை தோன்றியது. அன்றைக்குத் தோன்றியதெல்லாம் ஒன்றுதான்: இன்ஜின் நேராக நிற்க வேண்டும்.

சின்னப் பள்ளியை முடித்துவிட்டு ஆறாம் வகுப்புக்கு வரும் பிள்ளைகள்மேல் டீச்சருக்கு ஒரு தனிப் பிரியம். முதுகைவிடப் பெரிய பை. மணி அடித்தால் எந்த அறைக்கு ஓட வேண்டும் என்று தெரியாத முழி. பழக்க தோஷத்தில் "அம்மா" என்று கூப்பிட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொள்வது. இவர்களிடம் போய் முதல் நாளே ராஜாக்களையும் போர்களையும் வருஷம் வருஷமாக அடுக்குவதில் அவளுக்கு விருப்பமில்லை. அதனால் தலைமை ஆசிரியை மேடத்திடம் போய் நின்று, கெஞ்சாத குறையாகக் கேட்டு, ஒரு செக்ஷனுக்கு மட்டும் அனுமதி வாங்கியிருந்தாள். ராஜாக்கள் அப்புறம் வரட்டும், முதலில் பொருள்கள். ஒரு பொருளைக் கையில் எடுத்து, அது பிறந்த நாளிலிருந்து இன்று வரை அதன் பின்னாலேயே நடந்து வருவது. முதல் மாதம் விளக்கு. இரண்டாம் மாதம் சக்கரம். மூன்றாவது எழுத்து. நாலாவதாக அவள் வீடு என்றுதான் திட்டம் போட்டிருந்தாள். ஆனால் பள்ளிக்குப் பின்னால் இருப்புப்பாதை. மணிக்கொரு ரயில் பாடத்தை நிறுத்திவிட்டுப் போகும். பிள்ளைகள் ஜன்னலுக்கு ஓடுவார்கள். ஒரு நாள் எல்லாரும் சேர்ந்து, "ரயில் எடுங்க டீச்சர், ரயில் எடுங்க டீச்சர்" என்று மேசையைத் தட்டிவிட்டார்கள். அவளும் கரைந்துவிட்டாள்.

ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு கயிறு. கயிற்றில் வரிசையாகத் துணி கிளிப், கிளிப்பில் படம். விளக்குக் கயிறு கல் விளக்கில் தொடங்கும், மண் விளக்கு, மெழுகுவத்தி, அரிக்கேன் என்று போய் இன்றைய பல்பில் முடியும். கயிறு வாங்கி வந்து கொடுத்தது அவள் கணவன். அவன் வீடுகளுக்கு ஒயரிங் வேலை செய்பவன். எதையும் அளக்காமல் தொடமாட்டான். அறுபத்து நாலடிக் கயிற்றைக் கூடத்தில் நீட்டி, டேப் வைத்துப் பார்த்து, பதினாறடி பதினாறடியாக நாலு துண்டு போட்டு, நுனி பிரியாமல் தீக்குச்சி வைத்துச் சுட்டு, சுருட்டிக் கொடுத்தான். "நூல் பிசகாது, வாத்தியாரம்மா." கிளிப்புகள் வீட்டுக் கொடியிலிருந்து வந்தவை. அதற்காக நாத்தனாரிடம் அவள் வாங்கிக் கட்டிக்கொண்டது தனிக் கதை. "அண்ணி, உங்க ஆதி மனுஷனுக்கு கிளிப்பு, எனக்கு மட்டும் கிடையாதா? என் சுடிதார் பக்கத்து வீட்டு மாடியில கிடக்கு. போய் எடுத்துட்டு வாங்க, நான் போக மாட்டேன், அந்த வீட்டுப் பையன் சிரிக்கறான்."

பின்சுவரில் இடது பக்கம் ஓர் ஆணி, வலது பக்கம் மேலும் கீழுமாக நாலு ஆணி. இடது ஆணியில் நாலு கயிறுகளையும் சேர்த்துக் கட்டி, வலப்பக்கம் விரித்து இழுத்துக் கட்டியதும் சுவர் முழுக்க ஒரு விசிறி விரிந்த மாதிரி இருந்தது. அழகாகவே இருந்தது. மற்ற வகுப்பு டீச்சர்கள் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

பருவத் தேர்வுக்குக் கேள்வித்தாள் எடுத்தது தேதி சார்.

ஆறாம் வகுப்பின் இன்னொரு செக்ஷன் அவருடையது. பள்ளியில் எல்லாரையும்விட மூத்தவர். வரலாற்றில் எந்தத் தேதியைக் கேட்டாலும் யோசிக்காமல் சொல்வார். வரலாற்றில் இல்லாததையும் சொல்வார். "நீங்க இந்த ஸ்கூல்ல சேர்ந்தது ஜூன் பதினொண்ணு டீச்சர், செவ்வாய்க்கிழமை. மழை. குடையை மறந்து ஆபீஸ்ல விட்டுட்டுப் போனீங்க." யாருக்குப் பிறந்தநாள் என்றாலும் அன்று காலை அவர்கள் மேசையில் ஒரு சின்னத் துண்டுச் சீட்டு இருக்கும். வாழ்த்து ஒன்றும் எழுதியிருக்காது, தேதி மட்டும் இருக்கும். ஆனால் அந்தச் சீட்டு வராவிட்டால் ஆளுக்கு ஒரு மாதிரி இருக்கும். டீச்சரின் கயிற்று முறையைப் பற்றி அவர் ஒரே ஒரு முறைதான் பேசினார். "பொருளைச் சொல்லுங்க, வேண்டாங்கல. ஆனா எதுக்கு அப்புறம் எதுன்னு தெரியாட்டி யாரைப் பாத்து யாரு கத்துகிட்டாங்கன்னு எப்படிச் சொல்லுவீங்க?" கேள்வித்தாள் எடுக்கும்போதுகூட அவளைக் கூப்பிட்டு, "உங்க பிள்ளைங்க தடுமாறக் கூடாது. உங்க பாடத்திலேர்ந்தே பத்து மார்க்குக்கு ஒண்ணு கேட்டிருக்கேன். என் பசங்களுக்கும் இதைச் சொல்லிக் குடுத்திருக்கேன்," என்றார். நியாயமான மனிதர்.

கேள்வி இதுதான்: விளக்கு, சக்கரம், எழுத்து, ரயில். இவற்றில் எது முதலில், எது பிறகு என்று வரிசைப்படுத்திக் காரணம் எழுதுக.

திருத்துவதற்கு முன் டீச்சர் ஆசிரியர் அறையில் ஒரு டீ வரவழைத்து வைத்துக்கொண்டாள். பிள்ளைகள் இதில் வெளுத்து வாங்கியிருப்பார்கள் என்று நினைத்தாள். முதல் தாளைப் பிரித்தாள். "நான்கும் ஒரே சமயத்தில் தோன்றின. ஏனென்றால் ரயிலுக்குச் சக்கரம் வேண்டும். டிரைவருக்கு இருட்டில் விளக்கு வேண்டும். டிக்கெட்டில் ஊர்ப் பெயர் எழுத எழுத்து வேண்டும்." அவளுக்குச் சிரிப்பு வந்தது. கெட்டிக்காரன் என்று நினைத்துக்கொண்டே அடுத்த தாளை எடுத்தாள். "ஆதி மனிதன் குகையிலிருந்து ஸ்டேஷனுக்குப் போகும்போது வழி தெரியாததால் விளக்கைக் கண்டுபிடித்தான்." மூன்றாவது தாளிலும் ஒரே சமயம். நாலாவதிலும். பத்தாவது தாள் வந்தபோது டீ ஆறிப்போய் ஆடை கட்டியிருந்தது. கணக்கு டீச்சர் தோளுக்கு மேலாக எட்டிப் படித்துவிட்டு, "ஐயோ, பிளாட்பாரம் டிக்கெட்டைக் கல்லுல செதுக்கிக் குடுத்தாங்களாமா!" என்று கத்த, அறையே சிரித்தது. ஒரு தாள் கை மாறி மாறிப் போயிற்று. தேதி சார் மட்டும் சிரிக்கவில்லை. தன் செக்ஷன் தாள்களை அடுக்கிக் கட்டிக்கொண்டிருந்தார். அத்தனை பிள்ளைகளும் ஒரே வரிசை, ஒரே சொற்கள், ஒரு புள்ளி பிசகாமல். டீச்சருக்கு அதைப் பார்த்துச் சிரிக்கவும் முடியவில்லை.

முப்பத்தெட்டுப் பேர் ஒரே சமயம் என்றே எழுதியிருந்தார்கள். இரண்டு பேர் அந்தக் கேள்வியைத் தொடவே இல்லை. கடைசித் தாள் ம்ம் உடையது. அதில் முதலில், பென்சிலால், விளக்கு, சக்கரம், எழுத்து, ரயில் என்று சரியான வரிசை இருந்தது. அதன்மேல் ஸ்கேல் வைத்து ஒரு கோடு. கோட்டுக்குக் கீழே பேனாவால், அழுத்தி: "நான்கும் ஒன்றாக ஆரம்பித்தன. டீச்சர் ஒரே ஆணி என்று சொன்னார்கள்."

டீச்சர் அந்தத் தாளைத் திரும்பவும் படித்தாள். ஸ்டூல், கிளிப், இன்ஜின், ஒற்றை விரல் எல்லாம் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன. பதினேழாயிரம் வருஷக் கதைக்கும் பதினாறடிக் கயிறு, இருநூறு வருஷக் கதைக்கும் பதினாறடிக் கயிறு. நாலுக்கும் ஒரே தொடக்கம். நாலு மாதமாகப் பிள்ளைகள் தினமும் பார்த்தது அந்தச் சுவரைத்தான். சுவர் என்ன சொன்னதோ அதை எழுதியிருக்கிறார்கள். ஒரே ஒருத்திக்கு மட்டும் சந்தேகம் வந்தது. நாலு மாதம் சேர்த்து வைத்திருந்த தைரியத்தைத் திரட்டி வந்து கேட்டாள். கையை எடு என்று சொல்லி அனுப்பியாயிற்று.

மேடம் கூப்பிட்டு அனுப்பினார். கோபப்படவில்லை, கோபப்பட்டிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது. "எனக்கு உங்க கிளாஸ் பிடிக்கும் டீச்சர். தாண்டிப் போனா அங்க மட்டும்தான் சத்தம் சந்தோஷமா கேக்குது. ஆனா இந்தப் பேப்பர் வீட்டுக்குப் போகும் இல்லையா? ஒரு அப்பா இப்பவே போன் பண்ணிட்டார். என் பொண்ணு ரயில்ல கல் விளக்கு வெச்சிருந்தாங்கன்னு சொல்றாளே, இது எந்த ரயில்னு கேக்கறார். நான் என்ன பதில் சொல்ல?"

"தப்பு என்னோடது மேடம். பிள்ளைங்களோடது இல்ல."

"தெரியுது. அதனாலதான் சொல்றேன். அடுத்த பருவத்திலேர்ந்து ரெண்டு செக்ஷனும் சாரே எடுக்கட்டும். உங்களுக்கு லைப்ரரி. டைம்டேபிள் போட்டு சார் கையில குடுத்தாச்சு. வெள்ளிக்கிழமை அவர் கையெழுத்துப் போட்டுத் தரணும்."

"வெள்ளிக்கிழமை வரைக்கும் எனக்கு நாலு பீரியட் இருக்கு மேடம். கடைசிப் பீரியடுக்கு வந்து பாருங்க. சாரும் வரட்டும்."

மேடம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "வரேன். ஆனா முடிவு சார் கையிலதான். அவர் மாட்டேன்னுட்டா உங்க செக்ஷனை நீங்கதான் எடுக்கணும், நான் வேற ஆளுக்கு எங்க போவேன்? அவர் போடறேன்னுட்டா என்னால தடுக்கவும் முடியாது."

வெளியே வரும்போது வராந்தாவில் தேதி சார் நின்றிருந்தார். சட்டைப் பையில் நாலாக மடித்த வெள்ளைத் தாளின் விளிம்பு தெரிந்தது. இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். "நான் கேட்டு வாங்கல டீச்சர்," என்று மட்டும் சொன்னார்.

மாலை வீட்டுக்கு வந்ததும் கணவனிடம் விஷயத்தைச் சொன்னாள். அவன் கேட்டுவிட்டு மோவாயைத் தடவினான்.

"இரு, இரு. நான் கயிறைச் சமமா வெட்டினதாலயா இவ்வளவும்?"

"உங்களை யாரு சொன்னா? நான் சமமா இருக்கறதைப் பாத்து, ஆகா என்ன அழகுன்னு நின்னேனே, அது."

"கோணலா வெட்டித் திட்டு வாங்கினவனைப் பாத்திருக்கேன். சமமா வெட்டித் திட்டு வாங்கின முதல் ஆள் நான்தான். இதையும் உன் கயிறுல மாட்டு."

சிரித்தாள். சிரித்துக்கொண்டே இருந்தவள் நடுவில் நிறுத்திவிட்டாள். அந்த அறையும், அந்தச் சத்தமும், அம்மா என்று கூப்பிட்டுவிட்டு நாக்கைக் கடிக்கும் முகங்களும் இல்லாத ஒரு பள்ளிக்கு எப்படிப் போவது என்று அவளுக்குத் தெரியவில்லை. அவன் அவள் பையை எடுத்து உள்ளே வைத்தான்.

மறுநாள் வகுப்பில் தாள்களைக் கொடுக்கவில்லை. சுவருக்கு முன்னால் போய் நின்று, "நான் உங்களுக்குத் தப்பா காட்டிட்டேன்," என்றாள். டீச்சர் தப்பு என்பது அவர்கள் கேள்விப்படாத சமாசாரம்.

முன் வரிசையிலிருந்து ஒருவன் மெதுவாகக் கையைத் தூக்கினான். "அப்ப எங்களுக்கு மார்க்கு உண்டா டீச்சர்?"

"உனக்கு அது ஒண்ணுதாண்டா கவலை. எது தப்புன்னு சொல்லு, யோசிக்கறேன். சுவத்தைப் பாருங்க எல்லாரும். ரயில் ஓடத் தொடங்கி ஏறக்குறைய இருநூறு வருஷம். இந்தக் கல் விளக்கு பதினேழாயிரம் வருஷம் பழசுன்னு சொல்றாங்க. இப்ப இந்தக் கயித்துல என்ன தப்பு?"

ஆளுக்கொன்றாகச் சொன்னார்கள். கயிறு கலர் தப்பு. படம் சின்னதாக இருக்கிறது. இன்ஜினுக்குப் புகை போடவில்லை. டீச்சர் கடைசி பெஞ்சைப் பார்த்தாள். "இந்த வகுப்புல ஒருத்தங்க என்கிட்ட ஒரு கேள்வி கேட்டாங்க. இந்த வருஷத்துலயே பெரிய கேள்வி அது. நான் காதுல வாங்கல. அவங்க திரும்பக் கேட்டா நல்லா இருக்கும். கேக்க வேண்டாம்னாலும் சரி, வந்து செஞ்சு காட்டலாம்."

பின்னால் ஒரு ரயில் போயிற்று. அதிசயமாக யாரும் ஜன்னலுக்கு ஓடவில்லை. ரயில் சத்தம் ஓய்ந்தபோது ம்ம் எழுந்து வந்தாள். யாரையும் பார்க்காமல் நேராக இடது ஆணிக்குப் போய், நகத்தால் நெம்பி முடிச்சை அவிழ்த்தாள். நாலு கயிறும் சரசரவென்று தொங்கி விழ, கிளிப்புகள் தரையில் சிதறின. "ஏய், ஏய், ம்ம்!" என்று கத்தினார்கள். அவள் வலப்பக்கம் வந்து, ஸ்டூலில் ஏறி, நாலு ஆணிகளிலும் இருந்த நுனிகளைக் கழற்றி, எல்லாவற்றையும் கொண்டுவந்து ஒரே ஆணியில் சேர்த்துக் கட்டினாள். இன்றைய பல்பும், இன்றைய கார் சக்கரமும், இன்றைய செல்போன் எழுத்தும், ஜன்னலுக்கு வெளியே இப்போது போன ரயிலும் ஒரே முடிச்சில் இருந்தன.

இன்றைக்கு நாலு ஆணி, ஆதிக்கு ஓர் ஆணி என்று அடித்து வைத்திருந்தோமே என்று டீச்சருக்குப் பொறி தட்டியது. இன்றைக்குத்தான் ஓர் ஆணி. பின்னால் போகப் போகத்தான் பிரிய வேண்டும்.

ம்ம் ரயில் கயிற்றை எடுத்து நீட்டிப் பார்த்தாள். பிறகு டீச்சரைப் பார்த்தாள். டீச்சர் மேசையிலிருந்து கத்தரிக்கோலை எடுத்துக் கொடுத்தாள். ம்ம் அதை வாங்கி, ரயில் கயிற்றில் ஒரு சாணுக்கும் குறைவாக விட்டுவிட்டு மீதியை வெட்டினாள். மற்ற மூன்று கயிறுகளையும் பார்த்தாள். விளக்குக் கயிற்றைக் கையில் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "இது பத்தாது டீச்சர்," என்றாள்.

"பத்தாதா?"

"ம்ம். ரூமும் பத்தாது."

அன்று மாலை வீட்டு மொட்டை மாடியில் டீச்சரும் கணவனும் கணக்குப் போட்டார்கள். ஒரு வருஷத்துக்கு ஒரு சென்டிமீட்டர். ரயிலுக்கு இரண்டு மீட்டர். எழுத்துக்கும் சக்கரத்துக்கும் ஐம்பது மீட்டருக்கு மேல். விளக்குக்கு நூற்று எழுபது மீட்டர். அவ்வளவு கயிறு வாங்கக் கட்டுப்படியாகாது என்று அவள் தயங்க, கணவன் மாடிப்படிக்கு அடியில் இருந்த சாக்குமூட்டையைக் கொண்டுவந்து கொட்டினான். வீடு வீடாகப் பிடுங்கிப் போட்ட பழைய ஒயர்: சிவப்பு, கறுப்பு, பச்சை, துண்டு துண்டாக. மூன்று நாள் மாலை அவனும் நாத்தனாரும் அவளுமாக உட்கார்ந்து அதை முடிச்சுப் போட்டார்கள். அவன் ஒவ்வொரு மீட்டருக்கும் வெள்ளை டேப் ஒட்டிக்கொண்டே வந்தான். "இப்ப கிளிப்பு, அடுத்து என் சுடிதாரையும் கேப்பீங்க," என்று முனகியபடியே நாத்தனார் கடைசி டஜனையும் எடுத்துக் கொடுத்தாள்.

வெள்ளிக்கிழமை கடைசிப் பீரியட். வகுப்பறை ஆணியிலிருந்து நாலு பொருளுக்கும் சேர்த்து ஒன்றாகப் புறப்பட்ட ஒயர் ஜன்னல் வழியாக வெளியேறி, மைதானத்தைக் குறுக்கே கடந்து, சைக்கிள் ஸ்டாண்டைத் தாண்டி, கேட்டுக்கு வெளியே போய், பள்ளிச் சுற்றுச்சுவரை ஒட்டிய நடைபாதையில் நீண்டது. நாலைந்து மீட்டருக்கு ஒரு பிள்ளையாகப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். ஆணிக்குப் பக்கத்தில் முதல் பதினொரு சென்டிமீட்டரில் நாற்பத்தொரு பேரும் தங்கள் பிறந்த வருஷத்தை எழுதி மாட்டியிருந்ததில் அங்கே ஒரு காகிதக் குவியல். முப்பத்து நாலாவது சென்டிமீட்டரில் டீச்சர். இரண்டு மீட்டரில் ரயில். அது ஜன்னலைக்கூடத் தாண்டவில்லை. "அவ்வளவுதானா நம்ம ரயிலு!" என்று மார்க்கு கேட்ட பையன் வாய்விட்டுப் புலம்பினான். விளக்கின் நுனியைப் பிடித்துக்கொண்டு, தெரு முனையில் தனியாக நின்றிருந்தாள் ம்ம். அந்த இடத்தை யாரும் அவளுக்குக் கொடுக்கவில்லை, அவளே எடுத்துக்கொண்டு நடந்துபோய்விட்டாள்.

மேடம் வெயிலுக்குக் குடை பிடித்துக்கொண்டு மைதானத்தில் நின்றார். தேதி சார் வகுப்பறையிலிருந்து ஆரம்பித்தார். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, ஒவ்வொரு கிளிப்பாகக் குனிந்து படித்தார். ஐம்பத்தேழாவது சென்டிமீட்டரில் பிள்ளைகள் கோணல் எழுத்தில், வருஷத்தோடு ஒரு சீட்டு மாட்டியிருந்தார்கள்: "தேதி சார் பிறந்தார்." டீச்சருக்குத் தூக்கிவாரிப்போட்டது. அவள் பார்க்காதபோது மாட்டியிருக்கிறார்கள். சார் அந்தச் சீட்டையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு பேனாவை எடுத்து, வருஷத்துக்கு முன்னால் மாதத்தையும் நாளையும் எழுதி, மூடி போட்டுப் பையில் வைத்துக்கொண்டு நகர்ந்தார். ஜன்னலுக்கு அடியில் ஒளிந்திருந்தவர்கள் கிளுகிளுவென்று சிரித்தார்கள்.

மைதானத்தில் அவர் உதடுகள் அசைந்துகொண்டே இருந்தன. அச்சு இயந்திரம், அரிக்கேன், மண் விளக்கு, தேர்ச்சக்கரம் என்று ஒவ்வொன்றுக்கும் அவருக்குள் ஒரு எண் இருந்தது. சாய்ந்திருந்த ஒரு படத்தை நேராக்கினார். ஐம்பது மீட்டரைத் தாண்டியதும் எழுத்து முடிந்தது. கேட்டுக்குப் பக்கத்தில் சக்கரம் முடிந்தது. டீச்சர் பத்தடி பின்னால் நடந்தாள். கேட்டுக்கு வெளியே வெறும் ஒயர்தான். சிவப்பு, கறுப்பு, பச்சை; முடிச்சு, வெள்ளை டேப், மறுபடி முடிச்சு. பிள்ளைகள் பிடித்துக்கொண்டு நின்றார்கள், மாட்ட ஒன்றும் இல்லை.

"சார், நாங்க சும்மாதான் பிடிச்சிருக்கோம் சார், எங்களுக்கு ஒண்ணும் குடுக்கல," என்றாள் ஒருத்தி. "நான் எந்த வருஷம் சார்?"

அவர் டேப்பைப் பார்த்தார். "எட்டாயிரத்து இருநூறு வருஷம் முன்னாடி."

"அன்னிக்கு என்ன சார் நடந்துச்சு?"

சார் டேப்பை இன்னொரு முறை பார்த்தார். அடுத்த பிள்ளையிடம் போனார். அதற்கடுத்த பிள்ளையிடம். அவர் உதடு அசைவது நின்றுபோயிருந்ததை டீச்சர் கவனித்தாள். நடையும் குறைந்துவிட்டது. நூறு மீட்டருக்கு மேல் ஒரு தேதிகூட இல்லாமல் அவர் தன் வாழ்க்கையில் நடந்திருக்கமாட்டார்.

கடைசியில் ம்ம் நின்றிருந்தாள். ஒரு கையில் ஒயர், அதன் நுனியில் சிறிய காகித விளக்கு. இன்னொரு கையில் மிச்சக் கிளிப் ஒன்று. வெயிலில் முகம் சிவந்திருந்தது. சார் அவளுக்கு எதிரே வந்து நின்றார். அவள் அவரைப் பார்க்கவில்லை; அவர் நடந்து வந்த வெறும் ஒயரைப் பார்த்தாள்.

"சார், இந்த நடுவுல எல்லாம் யாரு இருந்தாங்க?"

தெருவில் ஒரு சைக்கிள் மணி அடித்துக்கொண்டு போயிற்று. சார் திரும்பி, ஒயரை நெடுகப் பார்த்தார். அது சுவரோடு வளைந்து, கேட்டில் திரும்பி, பிள்ளைகளின் கைகளில் தொய்ந்தும் நிமிர்ந்தும் போய், எங்கேயோ ஓர் ஆணியில் முடிந்தது. இங்கிருந்து ஆணி தெரியவில்லை. அவர் கை சட்டைப் பைக்குப் போயிற்று. நாலாக மடித்த டைம்டேபிள் தாளை எடுத்தார். பிரிக்கவில்லை. பேனாவையும் தொடவில்லை. தாளைப் பிடித்துக்கொண்டு நின்றவர், ம்ம் கையிலிருந்த கிளிப்பைப் பார்த்தார். அவள் நீட்டினாள்.

அவர் திரும்பி நாலைந்து எட்டு நடந்தார். இரண்டு பிள்ளைகளுக்கு நடுவே, ஒன்றுமே மாட்டாத இடத்தில், கையெழுத்துப் போடாத அந்தத் தாளை ஒயரில் வைத்துக் கிளிப்பை அழுத்தினார். விளிம்பு கோணலாக இருக்கிறதா என்று தலையைச் சாய்த்துப் பார்த்து, ஒரு சுண்டு சுண்டி நேராக்கினார். டீச்சரைக் கடந்தபோது அவர் அவளைப் பார்க்கவில்லை. மைதானத்தில் குடையோடு காத்திருந்த மேடத்தின் பக்கமும் திரும்பவில்லை. காற்று வந்து அந்த வெள்ளைத் தாளைப் படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது. இடது கையால் ஒயரைத் தொட்டபடி, முடிச்சு முடிச்சாக விரல் ஏறி இறங்க, அவர் கேட்டுக்குள் நுழைந்து போய்க்கொண்டே இருந்தார்.